சுங்கை சிப்புட்டிலிருந்து டிபிடி சிகிச்சைக்குப் போக: கடிதம், செலவு, காத்திருப்பு

கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கிறது. அழுகை வந்தால் லேசில் நிற்பதில்லை. ஒரு வாட்ஸாப் செய்திக்குப் பதில் வராவிட்டால் எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. இப்படி உணர்ச்சி ஆளையே புரட்டிப் போடுகிறவர்களுக்கு டிபிடி என்றொரு பேச்சுச் சிகிச்சை இருக்கிறது. முழுப்பெயர் டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாகலாமா என்று நினைப்பது ஆகியவை திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்காக அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கியது. பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்று டாக்டர் சொல்லியிருந்தால் இந்தப் பெயர் உங்கள் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து மில் ஆபிஸில் கிராணி (எழுத்தர்) வேலை பார்க்கிறேன். இதற்கு எந்தக் கவுண்டருக்குப் போவது, என்ன கேட்பது, எவ்வளவு ஆகும் என்று சொல்ல இங்கே ஆளில்லை. நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதால் வரிசையாக எழுதி வைக்கிறேன். பீடோர், சுங்கை, கூலிம், லாபிஸ் பக்கம் இருப்பவர்கள் மருத்துவமனைப் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

வரிசைக்குப் போகும் முன் ஒன்று. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போதே இருக்கிறதென்றால் கடிதம், அப்பாயின்ட்மென்ட் எதற்கும் காத்திருக்க வேண்டாம். பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு எந்த நேரத்திலும் நேராகப் போகலாம். 999ஐ அழைக்கலாம். பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, தாலியான் காசே 15999 இரண்டும் 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. ‘போலீஸ் கேஸ் ஆகிடும்’ என்று தோட்டத்தில் இன்னமும் சொல்வார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பயத்தில் யாரையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

1. எதைத் தேடிப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டு லேசாகத் திரும்பி வரும் இடம் என்று நினைத்துப் போனால் முதல் மாதத்திலேயே சலித்துவிடும். டிபிடி டியூஷன் மாதிரி. பாடம் உண்டு, வீட்டுப்பாடம் உண்டு, வீட்டுப்பாடம் செய்யாமல் போனால் ஏன் செய்யவில்லை என்ற விசாரணையும் உண்டு.

முழுமையான டிபிடிக்கு நான்கு பகுதிகள். வாரம் ஒரு முறை சிகிச்சையாளரோடு தனியாக ஏறக்குறைய ஒரு மணி நேரம். வாரம் ஒரு முறை குழு வகுப்பு, இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். நெருக்கடி வந்தால், கற்ற திறனை அந்த நிமிடத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கச் சிகிச்சையாளருக்கு ஃபோன் செய்யும் ஏற்பாடு. நான்காவது நம் கண்ணில் படாதது: சிகிச்சையாளர்கள் தங்களுக்குள் வாராவாரம் கூடி ஆலோசிக்கும் கூட்டம்.

குழு வகுப்பில் நான்கு பாடங்கள். இந்த நிமிடத்தைக் கவனிப்பது, வலியான நேரத்தை மோசமாக்காமல் தாண்டுவது, உணர்ச்சியை நெறிப்படுத்துவது, உறவு கெடாமல் வேண்டியதைக் கேட்பது. எல்லாம் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 24 வாரங்கள். பலரை இரண்டாவது சுற்றும் உட்காரச் சொல்வார்கள், அப்போது ஒரு வருடம் ஆகிவிடும்.

இந்த நான்கும் சேர்ந்து கிடைப்பது மலேசியாவில் அரிது, அதிலும் பட்டணத்தை விட்டு வெளியே இருப்பவர்களுக்கு ரொம்ப அரிது. பெரும்பாலும் கிடைப்பது டிபிடி திறன்களைச் சொல்லித் தரும் தனிச் சிகிச்சைதான். என்னைக் கேட்டால் அதை இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், ‘திறன் பயிற்சி இருக்கிறதா, வீட்டுப்பாடம் தருவீர்களா’ என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

2. கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்குங்கள்

இது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). மைகாட் (அடையாள அட்டை) போதும். சிவப்பு ஐசி வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் தங்களுக்கு என்ன கட்டணம் என்று கவுண்டரில் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு நிலவரம் வேறு.

இங்கே நமக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம்: மனநலப் பிரிவுக்கு சூராட் ருஜுக்கான், அதாவது பரிந்துரைக் கடிதம். அது கையில் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் நாம் பேசும் விதம். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் ‘தலை வலிக்குது, தூக்கம் இல்லை’ என்போம். அவர் தலைவலிக்கும் தூக்கத்துக்கும் மருந்து எழுதுவார். அதோடு முடிந்தது. கூட வந்த அம்மாவோ அண்ணனோ பக்கத்தில் இருந்தால் இன்னும் சுருங்கிப் போவோம். அவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லும்படி டாக்டரிடமே கேட்கலாம். அதில் தப்பில்லை.

போவதற்கு முன் அரைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மாதத்தில் எத்தனை தடவை கட்டுப்பாடு போகிறது, அப்போது என்ன செய்கிறீர்கள், எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அதனால் வேலையிலும் வீட்டிலும் என்ன கெட்டது, தன்னைக் காயப்படுத்திக்கொண்டது உண்டா, சாகும் எண்ணம் வந்ததா, குடி எவ்வளவு, இதற்கு முன் என்ன மருந்து. டாக்டருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், அதனால் மலாயிலேயே எழுதிவிடுங்கள். வாய் அடைத்துப் போனால் தாளை நீட்டினால் போதும். கடைசி வரியாக ‘நாக் மிந்தா ருஜுக்கான் கெ கிளினிக் பாக்கார் சைக்கியாத்ரி’ (மனநல நிபுணர் கிளினிக்குக்குக் கடிதம் வேண்டும்) என்று சேர்த்துவிடுங்கள்.

மன அழுத்தம், பதற்றம் பற்றிய ஒரு கேள்வித்தாளையும் நிரப்பச் சொல்வார்கள். கடந்த இரண்டு வாரங்களில் எப்படி என்ற வகைக் கேள்விகள். உங்களுக்கு அலை அலையாக வருவதாக இருந்தால், நல்ல வாரத்தில் போனவர் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார். ‘இப்போது சரியாக இருக்கிறேன், போன மாதம் இப்படி ஆனது’ என்று வாயால் சொல்லுங்கள்.

தோட்டம் செலவை ஏற்கும் தனியார் பேனல் கிளினிக்கிலும் கடிதம் கேட்கலாம், டிரெசரிடமும் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) வழி கேட்கலாம். ஆனால் பேனல் கிளினிக் பில் தோட்ட ஆபிஸுக்குத்தான் வரும். அந்த பில்லைப் பார்க்கிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், விஷயம் வெளியே தெரிய வேண்டாம் என்றால் அரசாங்கக் கிளினிக்குக்கே போங்கள். தனியார் டாக்டர் கடிதத்தோடு போனால் அரசாங்க நிபுணரின் முதல் சந்திப்புக்குக் கட்டணமும் கூடுதல்.

3. கடிதம் போகும் இடம்

சுங்கை சிப்புட்டிலிருந்து கடிதம் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனைக்கோ போகலாம். இரண்டாவது பெயரைக் கேட்டதும் பாதிப் பேர் கடிதத்தைப் பையிலேயே வைத்துவிடுகிறார்கள். ‘நீ தஞ்சோங் ரம்புத்தான் போக வேண்டிய ஆள்’ என்று கேலி செய்தே வளர்ந்த ஊர் இது. அங்கே வெளிநோயாளிப் பிரிவு இருக்கிறது. காலையில் போய் டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். யாரும் பிடித்து உள்ளே போட்டுவிட மாட்டார்கள். அத்தோடு, மெந்தாரி என்ற சமூக மனநல நிலையங்களை அமைச்சு பல இடங்களில் நடத்துகிறது. உங்கள் கடிதத்தை அங்கே அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வார்டு இல்லாத இடம் என்பதால் வீட்டில் சொல்லவும் சுலபம்.

நிபுணர் கிளினிக்குக் கட்டணம் ஒரு தடவைக்கு 5 வெள்ளி. மாற்றுத்திறனாளி ஓகேயூ அட்டை இருந்தால் அதுவும் இல்லை. அரசாங்க ஊழியர் குடும்பமும் பென்ஷன்காரர்களும் உத்தரவாதக் கடிதத்தை மறக்க வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: மைகாட், ருஜுக்கான் கடிதத்தின் அசலும் ஒரு ஃபோட்டோ காப்பியும், இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் (சர்க்கரை, பிரஷர் மருந்தும் சேர்த்து), முன்பு எங்காவது வார்டில் இருந்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் தாள், நீங்கள் எழுதிய அரைப் பக்கம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கூடவே வர வேண்டும், பிறப்புச் சான்றிதழும் எடுத்துப் போங்கள்.

முதல் தேதி கிடைக்க சில வாரம் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். அதற்குள் நிலைமை மோசமானால் கிளினிக்குக்குத் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். கடிதத்தில் ‘அவசரம்’ என்று எழுதும் அதிகாரம் டாக்டருக்கு உண்டு. தேதி மாறினால் ஃபோனில்தான் கூப்பிடுவார்கள். பிரிப்பெய்ட் நம்பரை அடிக்கடி மாற்றுகிறவர்கள் வீட்டில் நிலையாக இருக்கும் ஒருவரின் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு தேதி தவறினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியிருக்கும்.

4. காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டியது

இந்தக் காலத்தைச் சும்மா விடாதீர்கள். டிபிடியில் சில திறன்களை யாருடைய அனுமதியும் இல்லாமல் இன்றைக்கே தொடங்கலாம்.

முதலில் டைரி கார்டு. ஒரு பள்ளிக்கூட நோட்டுப் போதும். ஒவ்வொரு நாளும் தூங்கும் முன் கோபம், துக்கம், வெட்கம், பயம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை ஒரு எண். தன்னைக் காயப்படுத்தத் தோன்றியதா, குடிக்கத் தோன்றியதா, அதற்கும் ஒரு எண். எத்தனை மணி நேரம் தூக்கம், மருந்து சாப்பிட்டாயிற்றா, என்ன திறனை முயன்று பார்த்தீர்கள். இரண்டு நிமிட வேலை. கொஞ்ச நாள் எழுதினாலே வடிவம் தெரிய ஆரம்பிக்கும். மில்லில் நைட் ஷிஃப்ட் முடிந்த மறுநாள், சம்பளத்துக்கு முந்தின வாரம், மாதவிடாய்க்கு முன் என்று உங்களுக்கென ஒரு ஒழுங்கு இருக்கும். அந்த நோட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் மருத்துவமனையிலும் உங்கள் பேச்சுக்குக் கூடுதல் மதிப்பு.

அடுத்து, பொங்கி வரும்போது. அப்படியே நில். ஓரடி பின்னால் போ. உள்ளேயும் வெளியேயும் என்ன நடக்கிறது என்று பார். அப்புறம் யோசித்துச் செய். சொல்லும்போது அற்பமாகத் தெரியும். சண்டைக்கு நடுவில் ஓரடி பின்னால் வைத்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். அமைதியாக இருக்கும் நாட்களில் ஒத்திகை பார்த்தால்தான் கால் தானாகப் பின்னே போகும்.

அதுவும் பலிக்காத அளவுக்கு ஏறிவிட்டதா? குளிர்ந்த தண்ணீர். ஒரு பேசின் தண்ணீரில் கொஞ்சம் ஐஸ் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை அரை நிமிட அளவு முக்க வேண்டும். கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் குளிர் படுவதுதான் முக்கியம். நீரில் மூழ்கும்போது இதயத்துடிப்பு குறைகிற இயல்பு நம் உடம்பில் இருக்கிறது, அதைத்தான் இது தட்டி எழுப்புகிறது. தண்ணீர் உறைகிற அளவு குளிராக இருக்க வேண்டியதில்லை. இதய நோய் உள்ளவர்கள், இதயத்துடிப்பைக் குறைக்கும் பிரஷர் மருந்து சாப்பிடுகிறவர்கள், சாப்பாட்டுக் கோளாறு (ஈட்டிங் டிஸார்டர்) உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. அவர்களுக்கு மூச்சுப் பயிற்சி இருக்கிறது: உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும், சில நிமிடங்கள்.

இது பிரச்சினையைத் தீர்க்காது. அடுத்த கால் மணி நேரத்தில் கையை நீட்டாமல், வாயை விடாமல், ஃபோனை உடைக்காமல் இருக்க உதவும். அவ்வளவுதான் அதன் வேலை.

உடம்பைப் பார்த்துக்கொள்வதும் பாடத்தில் உண்டு. நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், கொஞ்சம் உடற்பயிற்சி, காய்ச்சல் வலியை இழுத்தடிக்காமல் மருந்து, மனதை மாற்றும் சமாச்சாரங்களை ஒதுக்குவது. சம்சுவும் பீரும் உள்ளே இருக்கும்போது எந்தத் திறனும் வேலை செய்யாது. இதை எழுதினால் நம் ஆட்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

5. மனநலப் பிரிவின் முதல் நாள்

காலையிலேயே போய்ச் சேருங்கள். ஈப்போ 30 கிலோமீட்டர்தான், ஆனால் பஸ்ஸை நம்பிப் போனால் எண் வாங்கும்போதே பிந்திவிடும். பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவரின் காரில் இடம் கேட்பது உத்தமம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் ‘ஆஸ்பத்திரி’ என்பதே போதுமான பதில். பசியோடு உட்காராதீர்கள், ரொட்டியும் தண்ணீரும் கொண்டுபோங்கள். பாதி நாள் அங்கேதான்.

முதலில் பார்ப்பது டாக்டரை. நோய் என்ன என்று முடிவு செய்வதும் மருந்து எழுதுவதும் அவர் வேலை. டிபிடி போன்ற சிகிச்சையைப் பெரும்பாலும் நடத்துபவர் மருத்துவ உளவியலாளர், அவர் மருந்து எழுத மாட்டார். உளவியலாளரிடம் போக இந்த டாக்டர் உள்ளுக்குள் இன்னொரு ருஜுக்கான் போட வேண்டும். நீங்கள் கேட்காவிட்டால் அது நடக்காமலும் போகலாம், மருந்தோடு அனுப்பிவிடுவார்கள். ஆகவே வெளியே வரும் முன் மூன்று கேள்விகள்: இங்கே உளவியலாளர் இருக்கிறாரா, டிபிடி திறன் பயிற்சி தனியாகவோ குழுவாகவோ நடக்கிறதா, அதற்கு என் பெயரைப் போட முடியுமா. இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வெறுங்கையோடு வராதீர்கள், ஒரு பெயரோ ஒரு தேதியோ வாங்கி வாருங்கள்.

மருந்து கொடுத்தால் சாப்பிடுங்கள். சிகிச்சை தொடங்கிவிட்டது என்று நீங்களாக மருந்தை நிறுத்துவது இந்தப் பாதையில் அடிக்கடி நடக்கும் விபத்து.

6. தனியாரில் போவதென்றால்

காத்திருக்க முடியாதவர்களும் குழு வகுப்பு வேண்டும் என்பவர்களும் தனியாரைப் பார்க்கலாம். தனிச் சந்திப்பு ஒன்றுக்கு 150 முதல் 300 வெள்ளி வரை கேட்பது சாதாரணம், கோலாலம்பூரில் அதற்கு மேலும் போகும். வாரம் 200 என்று வைத்தாலே 24 வாரத்துக்கு 4,800 வெள்ளி. குழு வகுப்பு தனி. தோட்டச் சம்பளத்தில் இது சின்னத் தொகை அல்ல, அதனால் நகையை அடகு வைத்துத் தொடங்கிப் பாதியில் நிறுத்துவதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம். பல்கலைக்கழகங்களில் உளவியல் முதுகலைப் பயிற்சி மாணவர்கள் மேற்பார்வையில் பார்க்கும் நிலையங்கள் உண்டு, கட்டணம் நன்றாகக் குறையும். பயிற்சி மாணவர் என்று முகம் சுளிக்க வேண்டாம். மேலே ஒருவர் கண்காணிக்கிறார்.

யாரிடம் போகிறோம் என்று பார்ப்பதுதான் இங்கே பெரிய வேலை. ‘ஹீலர்’, ‘மைண்ட் கோச்’ என்று டிக்டாக்கில் தமிழிலேயே அழகாகப் பேசுகிறவர்கள் நிறைய. பேச்சைப் பார்க்காதீர்கள், பதிவைப் பாருங்கள். கவுன்சலர் என்று போட்டுக்கொள்கிறவர் 1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டத்தின்கீழ் கவுன்சலர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால், பதிவு பெற்றவர் என்பதற்குக் கேபி (KB) என்றும், தொழில் செய்ய அனுமதி என்பதற்குப் பிஏ (PA) என்றும் இருக்கும். மருத்துவ உளவியலாளர் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் (சட்டம் 774) வருகிறார். பதிவு எண்ணைக் கேட்டால் தயங்காமல் தர வேண்டும். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

அப்புறம் இவற்றையும் கேளுங்கள்: டிபிடியில் எங்கே, எத்தனை நாள் பயிற்சி எடுத்தீர்கள்? டைரி கார்டு பயன்படுத்துவீர்களா? சந்திப்புகளுக்கு நடுவில் நெருக்கடி என்றால் உங்களை அழைக்கலாமா, எத்தனை மணி வரை? வராத நாளுக்குக் கட்டணம் உண்டா? தமிழில் பேச முடியுமா? பத்துச் சந்திப்புக்கு முன்பணம் கட்டினால் கழிவு என்று சொல்வார்கள். முதல் இரண்டைத் தனித்தனியாகக் கட்டிப் பாருங்கள். ஆள் ஒத்துவராமல் போனால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது தனி வியாதி.

ஆன்லைன் வகுப்பு நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையாகவே கைகொடுக்கிறது, பயணச் செலவு மிச்சம். சிக்கல் லைன் அல்ல, சுவர். லயத்து வீட்டில் பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். காரைச் செம்பனை மரங்கள் ஓரமாக நிறுத்தி உள்ளே உட்கார்ந்து படிக்கிறவர்கள் உண்டு, நானும் அப்படித்தான். இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள், லைன் எங்கே நன்றாக எடுக்கிறது என்று ஒரு நாள் முன்னதாகவே பார்த்து வையுங்கள்.

ரசீதை எறியாதீர்கள். வருமான வரி கட்டுகிறவர்களுக்கு மனநலப் பரிசோதனை, ஆலோசனைச் செலவுக்கு 1,000 வெள்ளி வரை வரிக்கழிவு உண்டு. பதிவு பெற்ற மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், கவுன்சலர் கொடுத்த ரசீதுதான் செல்லும். ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். மருத்துவ இன்ஷூரன்ஸ் அட்டைகள் பலவற்றில் மனநோய்க்குக் காப்பீடு கிடையாது, ஏஜெண்ட் வாயால் சொல்வதை விட்டுப் பாலிசித் தாளைப் படியுங்கள்.

7. லீவும் மண்டோரும்

வாராவாரம் ஒரு நாள் என்றால் வேலைதான் முதலில் அடிபடும். 1955 வேலைச் சட்டப்படி, வார்டில் படுக்காத சாதாரண நோய்க்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு: இரண்டு வருடத்துக்குக் கீழே வேலை செய்தவருக்கு வருடம் 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடம் என்றால் 18, ஐந்தும் அதற்கு மேலும் 22. ஆனால் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எழுத டாக்டரால்தான் முடியும். தனியார் உளவியலாளர் தரும் கடிதம் எம்சி ஆகாது, வந்துபோன நேரத்துக்குச் சான்று மட்டுமே. இதைத் தெரியாமல் லீவு எடுத்துச் சம்பளம் வெட்டப்பட்டவர்கள் உண்டு. அரசாங்க மருத்துவமனையில் பாதி நாளில் முடிந்தால் நேரச் சீட்டுக் கேளுங்கள். சாப்பில் (முத்திரையில்) பிரிவின் பெயர் இருக்கலாம், கொடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீவு கேட்பதற்கே டிபிடியில் ஒரு முறை சொல்லித் தருகிறார்கள். நடப்பதைச் சொல், உன் நிலையைச் சொல், வேண்டியதை நேராகக் கேள், கொடுத்தால் அவருக்கு என்ன லாபம் என்று காட்டு. பேச்சு வேறு பக்கம் போனால் திரும்பக் கொண்டு வா, தலையைக் குனியாதே, கொஞ்சம் விட்டுக் கொடுக்கவும் தயாராக இரு. செம்பனைக் குலை வெட்டுகிற ஒருவர் மண்டோரிடம் (வேலையை மேற்பார்க்கும் கங்காணி) பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

“அண்ணே, எனக்குப் புதன்கிழமை ஈப்போ ஆஸ்பத்திரியில தேதி இருக்கு, ஆறு மாசம் போகணும். விட்டு விட்டுப் போனா வைத்தியம் பலிக்காது, அதான் கவலையா இருக்கு. புதன் எனக்கு லீவு குடுங்க. அதுக்குப் பதிலா ஞாயிறு ஆள் பத்தாதப்ப நான் வந்துடுறேன்.”

“என்னடா வியாதி உனக்கு? நல்லாத்தானே இருக்க.”

“டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காருண்ணே. புதன் லீவு கிடைக்குமான்னு சொல்லுங்க.”

“ஆறு மாசமும் புதனா? பிரட்டுல ஆள் கொறையுதுல்ல.”

“அப்ப ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை முழு நாள், மத்த வாரம் மத்தியானத்துக்கு மேல போறேண்ணே.”

என்ன வியாதி என்ற கேள்விக்கு நீங்கள் முழுப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. பொய்யும் சொல்ல வேண்டாம். கேட்டதையே திரும்பக் கேளுங்கள். வீட்டில் இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

8. வகுப்பு தொடங்கியதும்

முதல் சில சந்திப்புகளில் பாடம் இருக்காது. நீங்கள் இதற்கு உண்மையாகவே ஒப்புக்கொள்கிறீர்களா என்ற பேச்சுதான். அவசரப்பட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டாமல், எது முடியும் எது முடியாது என்று அப்போதே சொல்லுங்கள். அறுவடை மாதங்கள், திருவிழா, ஷிஃப்ட் எல்லாவற்றையும்.

முழு டிபிடி நடக்கும் இடங்களில், தொடர்ந்து நான்கு வாரம் வராவிட்டால் பெயர் எடுக்கப்படும். காரணம் கேட்கமாட்டார்கள். பஸ் ஓடவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் எதுவும் செல்லாது. கடுமைதான். மூன்றாவது வாரமே ஃபோனிலாவது கலந்துகொள்ள வழி தேடுங்கள்.

குழுவில், தன்னைக் காயப்படுத்திக்கொண்ட விவரங்களைப் பேசக் கூடாது என்று விதி இருக்கும். ‘என் கதையைக் கேட்கவே இல்லை’ என்று கோபித்துக்கொண்டு நின்றுவிடுகிறவர்கள் இதனால்தான் நிற்கிறார்கள். ஒருவர் சொல்வது இன்னொருவரைத் தூண்டிவிடும் என்பதால் அந்த விதி. அந்தப் பேச்சுக்குத் தனிச் சந்திப்பு இருக்கிறது. அங்கே, தவறிய ஒரு சம்பவத்தைச் சங்கிலி மாதிரி பிரித்துப் பார்ப்பார்கள்: அன்றைக்கு உடம்பு எப்படி, எது தொடக்கம், என்ன நினைத்தீர்கள், உடம்பில் என்ன, அடுத்து என்ன செய்தீர்கள், பிறகு என்ன ஆனது. எந்தக் கண்ணியில் வேறு ஒன்றைச் செய்திருக்கலாம் என்பதுதான் கேள்வி. விசாரணைக் கூண்டில் நிறுத்திய மாதிரி இருக்கும், ஆனால் மிகவும் பயன்படுவதும் அதுதான்.

ஃபோன் உதவி என்பது தப்பு நடப்பதற்கு முன்னால் அழைக்க. தன்னைக் காயப்படுத்திக்கொண்ட பிறகு 24 மணி நேரத்துக்கு அந்த உதவி கிடைக்காது என்பதும் வழக்கமான விதி. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. விதியை முதல் நாளே தெரிந்துகொண்டால் இரவு நேரத்தில் ஏமாற்றம் இல்லை.

தமிழில் நடக்கும் குழு நான் தேடியவரை கிடைக்கவில்லை. ஆங்கிலம் அல்லது மலாய்தான். தாள்களை அங்கே வாங்கி, வீட்டில் உங்கள் தமிழில், உங்கள் உதாரணத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். ‘உண்மையைச் சரிபார்’ என்ற பாடத்தை நான் இப்படி எழுதி வைத்தேன்: கிராணி கூப்பிட்டும் மேனேஜர் திரும்பவில்லை. நடந்தது அது மட்டும். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பது நான் சேர்த்தது. மில் சத்தத்தில் கேட்காமலும் போயிருக்கலாம்.

9. வீட்டாரோடு

கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன், தாயத்துக் கட்டுகிறேன் என்று வீட்டார் சொன்னால் சண்டை போட வேண்டாம். போய்விட்டு வாருங்கள், சிகிச்சை நாளையும் விடாதீர்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் பூசாரிக்கு மட்டும் ‘இல்லை’ என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒருவருக்காவது குளிர்ந்த தண்ணீர் விஷயத்தைச் சொல்லி வையுங்கள், நடுராத்திரி பேசினைத் தூக்கிக்கொண்டு போகும்போது பயந்து கத்தாமல் இருப்பார்கள்.

10. முதல் சுற்று முடிந்ததும்

இரண்டாவது சுற்று வேண்டுமா என்று சிகிச்சையாளரோடு டைரி கார்டை வைத்துப் பேசுங்கள். போதும் என்றால், நடந்த சிகிச்சையின் சுருக்கத்தை ஒரு தாளில் வாங்குங்கள். தாமானுக்கோ (பட்டணத்துக் குடியிருப்பு) வேறு தோட்டத்துக்கோ மாறிப் போனால் முதலிலிருந்து கதை சொல்லாமல் இருக்க அது உதவும். மருந்து தொடர்கிறதென்றால், தொடர்ந்து கவனிப்பதை உங்கள் ஊர் கிளினிக் கெசிஹாத்தானுக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நிலைமை நிதானமாக இருந்தால் ஒப்புக்கொள்வார்கள். அதற்கும் ஒரு கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தையும் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டுதான் கொடுங்கள்.